மஞ்சள் தடவிய மாதிரி இதழ்

சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், படிக்க மாட்டார்கள். சந்தா கேட்டால் வாங்கவும் மாட்டார்கள். சிறு இதழ் நடத்திய எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மை எண்பதுகளின் கடைசியில், இருபத்தாறு வயதில், எனக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. (தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவை ஏராளம்.)

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்குக் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால் ஆசிரியர். ‘மலையடி மடல்’ என்று மாதம் எட்டுப் பக்கம். தெரிந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஸ்டென்சில் வெட்டி, முழங்கை வரை மை பூசிக்கொண்டு அங்கிருந்த சைக்ளோஸ்டைல் மெஷினில் நானே உருட்டி எடுப்பேன். வத்திராயிருப்பு மாங்காய் விளைச்சல், தேவதானம் பஸ் வராத காரணம், உலக அமைதிக்கு என் யோசனைகள் எல்லாம் அதில் இருக்கும். நூறு சந்தாதாரர் சேர்ந்ததும் மில்லுக்கு முழுக்குப் போடுவதாகத் திட்டம். அப்போது இருந்தது மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

மாதாமாதம் மாதிரி இதழைக் கவரில் போட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை. ஒருநாள் நண்பன் வீட்டுக்குப் போனால், பிரிக்காத என் கவர் மோர்ச் சொம்பை மூடிக்கொண்டிருக்கிறது.

“ஏதோ சீட்டுக் கம்பெனி நோட்டீஸுன்னு நெனச்சேம்ப்பா” என்றான்.

அதே வீட்டில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாண அழைப்பு ஒன்று சாமி படத்தடியில் பத்திரமாக இருந்தது. எனக்கு ஞானம் பிறந்தது அங்கேதான். மஞ்சள் தடவிய கவரை எங்கள் பக்கத்தில் எவரும் பிரிக்காமல் விடமாட்டார்கள்.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அடுப்படி மஞ்சளைக் குழைத்தேன். தங்கை கல்யாணத்துக்கு எழுதிய விலாச நோட்டு கையில் கிடைத்தது. அனுப்புநர் இடத்தில் என் பெயர் வேண்டாம், அதற்குத்தான் மதிப்பில்லையே என்று அப்பா பெயரை எழுதினேன். எண்பது கவர்களையும் தபால்பெட்டிக்குள் தள்ளிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

நோட்டில் பதினோராவது விலாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமாவுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், அங்கே ஜவுளிக் கடை. அவர் மகள் செண்பகத்தைத்தான் எனக்குக் கேட்டிருந்தார்கள். தங்கை கல்யாணப் பந்தியில் அவள் பாயசம் ஊற்றியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. மாமா, “ஆவணியில சொல்றேன்” என்றிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மாமா வந்து நின்றார். கையில் பிரிக்காத என் கவர். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

“வாங்கண்ணே, காப்பி போடுதேன்” என்றாள் அம்மா.

“காப்பி கெடக்கட்டும் தங்கச்சி. வேற எடத்துல முடிச்சிட்டீயன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? தபால்ல அழைப்பு அனுப்புற அளவுக்கா நாங்க அசலாயிட்டோம்?”

“யாரு கல்யாணத்துக்குண்ணே?”

“ஒம் மகன் கல்யாணத்துக்குத்தான். இந்த வீட்டுல வேற யாரு பாக்கி?”

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏலே, யாருலே அந்தப் பிள்ளை?”

“பிரிச்சுப் பாருங்க மாமா” என்றேன்.

“அந்தப் பொண்ணு பேரைப் படிச்சு எனக்கு என்ன ஆகப்போவுது?”

அம்மா கவரைப் பிடுங்கிக் கிழித்தாள். உள்ளேயிருந்து மணமகள் வரவில்லை, மாங்காய் விளைச்சல் வந்தது. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘இன்றே சந்தாதாரர் ஆகுங்கள்’.

மாமா இதழை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எட்டுப் பக்கத்தையும் புரட்டினார். என் கல்யாணமே போய்விடும்போல இருந்த அந்த நேரத்திலும், அவர் தலையங்கத்தைப் படிக்காமல் தாண்டியது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. (ஆசிரியர் புத்தி.)

“எல்லாம் நீயேவா எழுதுன?”

“ஆமா மாமா.”

“மஞ்சள் தடவுனதும்?”

“நாந்தான் மாமா.”

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “அந்தக் காப்பியக் கொண்டா தங்கச்சி. ஏமாத்தக்கூடத் தெரியாத பயலா இருக்கான். பொண்ணத் தாரேன்.”

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷம் பிறகு எதிலும் வந்ததில்லை. அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். நான் கேட்டேன்: “அப்ப சந்தா, மாமா?”

மாமா இதழை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “பொண்ணு வேற, சந்தா வேற மாப்ளே. இன்னும் ரெண்டு இதழ் பாத்துட்டுச் சொல்றேன்.”

தை மாதம் கல்யாணம். அழைப்புகளை அப்பாவும் அம்மாவும் வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். என்னை மஞ்சள் கிண்ணத்தின் பக்கமே விடவில்லை. அப்படியும் தளவாய்புரத்தில் ஒரு சித்தப்பா, “உள்ள சந்தா எதுவும் கேக்கலையே?” என்று விசாரித்த பிறகுதான் கை நீட்டினாராம். மடல் பதினான்கு இதழோடு நின்றது. மாமா கடைசிவரை சந்தா கட்டவில்லை. ஆனால் ஓர் இதழ் தாமதமானாலும், ஏன் வரவில்லை என்று கேட்டுக் கார்டு போட்டுவிடுவார்.

போன வாரம் பேத்தி, “தாத்தாவைக் கட்டிக்கிட்டது ஒனக்குப் பிடிச்சிருக்கா ஆச்சி?” என்று கேட்டாள். செண்பகம் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு இதழ் பாத்துட்டுச் சொல்றேன்.”