முள்ளம்பன்றி காட்டை 256 கட்டத்துக்குள் அடக்கிய கதை

காடு பெரியது என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. படித்தவர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். பாடப்புத்தகங்களும் இதைத் திருத்த முன்வரவில்லை. ஆகவே இங்கே பொறுப்போடு பதிவு செய்ய வேண்டியிருக்கிறது: காடு பெரியதல்ல. அது நீளத்தில் இருநூற்று ஐம்பத்தாறு கட்டம், அகலத்தில் இருநூற்று ஐம்பத்தாறு கட்டம். இருநூற்று ஐம்பத்தேழாவது கட்டத்தில் காடு கிடையாது. இந்த உண்மை நிலைநாட்டப்பட்ட விதம் பின்வருமாறு.

ஒரு காட்டில் எய்யன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். (எய் என்பது முள்ளம்பன்றியின் பழந்தமிழ்ப் பெயர். இதை அறியாதவர்களும் கதையைத் தொடரலாம்.) காட்டின் வடகிழக்கு மூலையில் முண்டுப்பாறை என்று ஓர் இடம். அங்கே வளை தோண்டி, மனைவி முள்ளழகியோடும், முள் இன்னும் கெட்டிப்படாத இரண்டு குட்டிகளோடும் குடியிருந்தான். கோடையில் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். அது எதிர்மூலையில், ராஜாவின் குகைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மணி நேர நடை.

ராஜா வயதான சிங்கம். மாதம் ஒரு முறை காட்டைச் சுற்றிவர வேண்டும் என்பது முறை. அவருக்கோ முட்டி வலி. அப்படி இருக்கையில் ஒரு நாள் பேரக்குட்டிகள் போனில் ஏதோ ஆட்டம் ஆடிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் நாமே ஓர் உலகம் செய்துகொள்ளலாம். மரம் நடலாம், ஓடை வெட்டலாம், மிருகங்களை நிறுத்தலாம். பிறகு படுத்த இடத்திலிருந்தே கட்டை விரலால் அதற்குள் நடந்து திரியலாம். (காட்டில் போனுக்கு எப்படி சார்ஜ் ஏற்றினார்கள் என்று கேட்பவர்கள், சிங்கம் தமிழ் பேசியதை ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டவர்கள் என்பதை நினைவூட்டுகிறோம்.)

மறுநாளே வரைபடத் துறைச் செயலர் நாரையார் உத்தரவு வாசித்தார். அதில் மூன்று பத்திகள். முதலாவது: காடு முழுவதையும் அந்த ஆட்டத்துக்குள் மேப்பாக்க வேண்டும், ராஜா இனிமேல் அதில்தான் சுற்றிவருவார். இரண்டாவது: மேப்பில் இருப்பவர் குடிமக்கள், இல்லாதவர் வெளியூர், வெளியூர்க்காரருக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது. மூன்றாவது பத்தியை, வழக்கம்போல, யாரும் கேட்கவில்லை.

மேப் செய்யும் வேலை எய்யனுக்கு வந்தது. உடம்பெல்லாம் எழுதுகோல் வைத்திருப்பவனுக்கு வரையத் தெரியாமல் இருக்காது என்பது அமைச்சரவையின் கருத்து.

எய்யன் காட்டை அளந்தான். பத்தடிக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் முந்நூறுக்கு முந்நூறு வந்தது. ஆட்டத்தில் உலகம் செய்யும் பக்கமான எடிட்டரைத் திறந்து, அளவு கேட்ட பெட்டியில் 300 என்று அடித்தான். பெட்டி தானாகவே 256 என்று மாற்றிக்கொண்டது. மறுபடி 300 அடித்தான். மறுபடி 256. கொஞ்சம் பொறுத்து, அது பார்க்காத நேரமாகப் பார்த்து 257 அடித்தான். அதற்கும் 256.

"பரவாயில்லை, ஓரத்தில் கொஞ்சம் போகட்டும்" என்று நினைத்தான். எந்த ஓரம் என்று பிறகுதான் உறைத்தது. அந்தக் காட்டில் எதைத் தொடங்கினாலும் ராஜாவின் குகையிலிருந்து தொடங்குவதுதான் மரபு. கல்யாண ஊர்வலமானாலும் சரி, கணக்கெடுப்பானாலும் சரி. குகை தென்மேற்கில். அங்கிருந்து வரைந்துகொண்டே போனால் இடம் தீர்ந்துபோவது வடகிழக்கில். அதாவது முண்டுப்பாறைக்குச் சற்று முன்னால்.

முள்ளழகி போனை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கறுப்பா?"

"அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

"நம்ம வளை எங்க?"

"அந்தக் கறுப்புக்குள்ள."

"நல்லா இருக்கு போங்க. ஊருக்கெல்லாம் வீடு வரைஞ்சு குடுத்துட்டு, நாம வெளியூரு. குட்டிங்களுக்குத் தண்ணிக்கு என்ன பண்றது? உங்க எழுதுகோலை நக்கச் சொல்லவா?"

எய்யன் யோசித்தான். இரண்டு மேப் செய்து, ஒன்றின் ஓரத்தில் ஒரு வாசல் வைத்தால் என்ன? வாசலில் நுழைந்தால் மறு மேப்பில் வெளியே வரலாம். முண்டுப்பாறை இரண்டாவதில் சௌகரியமாக இருக்கும். அழகான யோசனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாரையாரிடம் கொண்டுபோனான். நாரையார் ஒற்றைக் காலில் நின்றபடி கேட்டார்.

"வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கறது எந்தக் காடு?"

"நம்ம காடுதான் ஐயா. ரெண்டாவது மேப்பு."

"ரெண்டாவது காடுன்னா ரெண்டாவது ராஜா யாருப்பா?"

எய்யன் வாசலை அங்கேயே அழித்தான்.

அடுத்து, நடுக்காட்டில் நாற்பத்து நான்கு கட்டத்தை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. புளியமரத்தைச் சுற்றியுள்ள இடம். அங்கே எப்போதும் எதுவும் நடந்ததில்லை. எடுத்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டது. அங்கே குடியிருந்த கரடி மூச்சிரைக்க வந்து நின்றது.

"ஏன்டா எய்யா, என் எடத்தைத் தூக்கிட்டியாமே?"

"அங்க ஒண்ணும் நடக்கலையே அண்ணே."

"ஒண்ணும் நடக்கலைன்னுதானடா அங்க இருக்கேன்! நடக்கற எடமா வேணும்னா குகை வாசல்ல போய்ப் படுக்க மாட்டேனா?"

எய்யன் புளியமரத்தைத் திரும்ப நட்டான்.

கடைசியாக, எல்லாவற்றையும் சுருக்கினான். பத்தடிக்கு ஒரு கட்டம் என்பதைப் பன்னிரண்டடிக்கு ஒன்றாக்கினான். குகையைச் சுருக்குவது ராஜத்துரோகம் என்பதால் அதை மட்டும் தொடவில்லை. காடு முழுவதும் உள்ளே வந்தது. இருநூற்று ஐம்பத்தாறாவது கட்டத்தில், மூலையோடு ஒட்டி, முண்டுப்பாறை. அதனடியில் ஒரு சிறிய வளை. முள்ளழகி போனைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். முள் குத்தித் திரைக் கண்ணாடி விரிசல் விட்டது. அது மூன்றாவது கண்ணாடி.

ராஜா மேப்பைச் சோதித்தார். கட்டை விரலைக் குகையிலிருந்து நகர்த்தினார். குளம், ஓடை, புளியமரம், கரடி, பாறை. கால் மணி நேரத்தில் கறுப்பில் போய் முட்டிக்கொண்டார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

விரலால் கறுப்பை இன்னொரு முறை முட்டிப் பார்த்தார்.

"என் பாட்டன் பூட்டன் ஆண்ட காடு கால் மணி நேரமா? ஒரு பாக்கு மென்னு முடிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு! நாரை, இதைப் பெருசாக்கு. இல்லாட்டி இதைச் செஞ்சவனை மேப்பிலேருந்து எடு."

எய்யன் குளக்கரையில் வந்து உட்கார்ந்தான். போனைக் கல்லின் மேல் வைத்தான். அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது ஈரப்பன் என்கிற நத்தை அந்தத் திரையின் மேல் ஏறி நடக்கத் தொடங்கியது. காலையில் ஏறிய ஈரப்பன் உச்சிவேளையிலும் பாதித் திரையை எட்டவில்லை.

"எறங்குய்யா" என்றான் எய்யன். "நானே இடம் பத்தாம சாகறேன்."

"இடம் பத்தலையா?" ஈரப்பன் கொம்புகளை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. "என்னண்ணே சொல்றீங்க? வெடிஞ்சதுலேருந்து நடக்கறேன், இன்னும் புளியமரமே வரலை. எம்மாம் பெரிய ஊரு!"

"உனக்கு எல்லாமே பெரிய ஊருதான்."

"அதைத்தான் சொல்றேன். ஊரு எல்லாருக்கும் ஒண்ணுதான். காலுதான் வேற."

எய்யனின் முள்ளெல்லாம் ஒருசேர எழுந்து நின்றன. எடிட்டரின் அடியில், அதுவரை அவன் தொடாத ஒரு பெட்டி இருந்தது. 'நடை வேகம், அனைவருக்கும்: 100.' எய்யன் இரண்டு சுழியத்தையும் அழித்தான்.

மறுநாள் விடிந்ததும் ராஜா விரலை வைத்தார். பொழுது சாயும்போது, நாள் முழுக்க ஓயாமல் நடந்தும், நடுக்காட்டுப் புளியமரத்தை அவரால் எட்ட முடியவில்லை. விரல் மரத்துப்போயிருந்தது. கண்ணில் நீர்.

"பாட்டன் சொத்து!" என்றார். "எத்தனை பெருசு! எத்தனை பெருசு!"

மேப் ஒப்புதல் பெற்றது. முண்டுப்பாறை காட்டில் சேர்ந்தது. எய்யன் குடும்பத்துக்குக் குளத்தில் தண்ணீர் பாத்தியதை என்று இலைச் சீட்டு வந்தது. அன்று முள்ளழகி கிழங்கு வேகவைத்துக் கரடிக்கும் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் நாரையார் ஒரு முயலை நிறுத்தினார்.

"எங்க ஓடற?"

"குளத்துக்கு ஐயா."

"ஓடறியா?" நாரையார் உத்தரவை எடுத்து, மூன்றாவது பத்தியை வாசித்தார். "மேப்புக்கும் காட்டுக்கும் வேறுபாடு காணப்படுமாயின், திருத்தப்பட வேண்டியது காடு." பிறகு முயலின் கால்களைப் பார்த்தார். "நீ வேறுபடற."

அன்று முதல் காட்டில் எல்லாரும் மேப்பில் உள்ள வேகத்தில்தான் நடக்க வேண்டும். மீறினால் மேப்பிலிருந்து நீக்கம். எது சரியான வேகம் என்று காட்ட ஈரப்பன் நியமிக்கப்பட்டது. அலுவலகம் போய் வரச் செலவில்லை. அதன் வீடு அதன் முதுகில்தான் இருந்தது. சிறுத்தை ஒன்று புள்ளிமானைத் துரத்தத் தொடங்கி நான்கு நாளாகிறது. நடுவழியில் இரண்டும் குடும்பக் கதை பேசிக்கொண்டு போவதாகக் கேள்வி. ராஜா மட்டும் எந்த விதியையும் மீறவில்லை. அவர் குகையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

எய்யன் கணக்குப் போட்டுப் பார்த்தான். குளத்துக்கு ஒரு மணி நேர நடை இப்போது நூறு மணி நேரம். பகலில் மட்டும் நடந்தால் ஒன்பது நாள். நல்லவேளையாக அன்று நாரையார் முண்டுப்பாறைப் பக்கம் பறந்து வந்திருந்தார். பறப்பதைப் பற்றி மேப்பில் பெட்டி எதுவும் இல்லை.

"ஐயா, அந்த எண்ணை நான்தான் போட்டேன். கொஞ்சம் ஏத்திடறேனே. ஒரு பத்து வச்சா போதும்."

"ஏத்தலாம்" என்றார் நாரையார். "ஏத்தினா காடு சின்னதாயிடும். காடு சின்னதானா ராஜா கோபப்படுவார். மேப்பிலேருந்து யாரை எடுக்கணும்னு அவர் ஏற்கெனவே சொல்லியிருக்கார், ஞாபகம் இருக்கா?"

எய்யனுக்கு ஞாபகம் இருந்தது.

"ஏங்க," என்றாள் முள்ளழகி, நாரையார் போன பிறகு, "நாம உள்ளூருதானே?"

"உள்ளூருதான். சீட்டு இருக்கு."

"அப்ப சரி. கிளம்புங்க."

நீதி: உலகம் கட்டத்துக்குள் அடங்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அதில் நடப்பவர்களின் காலைப் பிடித்துக்கொண்டால் எந்த உலகமும் பெரிய உலகம்தான்.

எய்யன் குடும்பம் நேற்று, ஐந்தாம் நாள், நடுக்காட்டுப் புளியமரத்தைத் தாண்டியது. குட்டிகளுக்கு முள் கெட்டிப்பட்டுவிட்டது.