பெஞ்சுக்கு ஆள் எடுத்த கதை

மகளிர் தேசிய ரக்பி அணிக்கு ரிசர்வ் முன்கள வீராங்கனைகள் இருவர் தேவைப்பட்டார்கள். தேர்வு திருவண்ணாமலையில், பௌர்ணமியன்று நடைபெறும் என்று அறிவிப்பு வந்தது. அதற்கும் தேர்வுக் குழுத் தலைவர் சகாதேவன் குடும்பத்தோடு கிரிவலம் வருவதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று அதிலேயே போட்டிருந்தது. யாரும் கேட்காமலே சொன்னார்கள் பாருங்கள், அதற்குப் பெயர்தான் வெளிப்படைத்தன்மை.

முன்கள ஆட்டம் என்றால் எதிரணியைத் தோளால் முட்டித் தள்ள வேண்டும். கீழ்பென்னாத்தூர் அன்புச்செல்விக்கு அது கைவந்த கலை. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எதிரே வந்தவர்களையெல்லாம் எல்லைக்கோடு வரை தள்ளிவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"நல்லா தள்றம்மா. அதான் பிரச்சனை," என்றார் தலைவர்.

"என்ன சார் பிரச்சனை?"

"நாங்க எடுக்கிறது ரிசர்வுக்கு. ரிசர்வ்னா பெஞ்சுல உக்காந்திருக்கணும். நீ உக்கார்ற ஆளா தெரியலியே."

"யாருக்காவது அடிபட்டா உள்ள போய் ஆடணும் இல்ல சார்?"

"நம்ம பொண்ணுங்களுக்கு அடிபடணும்னு நெனைக்கிறியா?"

"அப்ப மெயின் டீம்லயே போடுங்க சார்."

"அதுக்கு மொதல்ல ரிசர்வ்ல இருந்திருக்கணும்மா. ரூல் இருக்குதுல்ல."

ஆகவே மைதான ஓரத்துப் பெஞ்சில் உட்காரும் தேர்வு தொடங்கியது. ரமணாசிரமம் பக்கம் ஆன்லைனில் தியான வகுப்பு நடத்தும் சினேகா, நிழலுக்கு ஒதுங்கி அதே பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். பந்து தோளில் வந்து பட்டது. அவள் அசையவில்லை. குழு பரவசமானது.

"எனக்கு ரக்பின்னா என்னன்னே தெரியாதுங்க," என்றாள்.

"ரொம்ப நல்லதும்மா. தெரிஞ்சாதான் எறங்கணும்னு ஆசை வரும்."

அன்புச்செல்வியும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் காய்ந்தது, மழை கொட்டி ஓய்ந்தது. தேர்வுக்கு வந்த மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மிஞ்சிய இருவரையும் எடுத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டு, கிரிவலத்துக்கு நேரமாகிறதென்று தலைவர் காரில் ஏறினார். கார் சேற்றில் புதைந்தது.

"யாராவது வந்து தள்ளுங்கப்பா," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அன்புச்செல்வி ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். ஒரே தள்ளு, கார் மேட்டுக்கு வந்தது. தலைவர் இறங்கி மனமார நன்றி சொன்னார். பிறகு பட்டியலில் அவள் பெயரை அடித்தார்.

"எழுந்துட்டியேம்மா."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்களாவது வந்து சொல்லுங்களேன்."

அநியாயம், அக்கிரமம் என்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டோம். ஆனால் இடத்தை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.

தலைவர் எங்களையே வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவ்ளோ திறமைய வெச்சிக்கினு, இந்த ஊர்ல ஒருத்தர்கூட அப்ளிகேஷன் போடலியேங்க," என்றார்.

உட்கார்ந்தபடியே கைதட்டினோம்.