நூல் போன்ற ஓசைக்குச் சான்றிதழ்

ஒரு காட்டில் ஹாம் வானொலிப் பைத்தியம், அதாவது சொந்தப் பெட்டி வைத்து ஊர் உலகத்தோடு பேசும் பைத்தியம், தலைக்கேறியிருந்தது. மற்ற காடுகளில் இரை தேடவே பொழுது போதவில்லை என்று மிருகங்கள் புலம்பிக்கொண்டிருக்க, இங்கே மட்டும் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு ஏரியல், ஆளுக்கொரு உரிமம். உரிமம் வாங்காதவை கொசுக்கள்தான். அவை பெட்டியே இல்லாமல் நேராகக் காதுக்குள் ஒலிபரப்பிவந்தன.

எல்லோரும் மோர்ஸில்தான் பேசினார்கள். பெட்டியோடு ஒரு சின்னக் கட்டை இருக்கும். அழுத்தினால் ஓசை கிளம்பும், விட்டால் நிற்கும். சற்றே அழுத்தினால் புள்ளி, கொஞ்சம் நீட்டி அழுத்தினால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்து எழுத்தாகும், எழுத்துகள் சேர்ந்து சேதியாகும். இதில் ஒரு பெரிய சௌகரியம், மோர்ஸ் ஓசை ரொம்ப ஒல்லி. ஒருவர் வாயால் பேசினால் அடைத்துக்கொள்ளும் இடத்தில் பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் தட்டலாம், யாரும் யாரையும் உரச மாட்டார்கள். அதனால் காட்டுக்கு மேலிருந்த வானத்தை ஒற்றையடிப் பாதைகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள்.

ஆற்றங்கரை ஆமை ஓடம்மாளும், ஆற்றின் மேல்பக்கம் குடியிருந்த நீர்நாய் சுழியனும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. ஓடம்மாள் கரை மணலில் முட்டையிட்டிருந்தாள். மலையில் மழை பெய்து ஆறு பொங்கினால் முட்டைகள் போய்விடும். ஒரு முட்டையை மேட்டுக்கு ஏற்ற ஆமைக்கு எவ்வளவு நேரமாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே தெரிந்தால்தான் உண்டு. சுழியன் நாள்தோறும் மேலேயிருந்து தட்டுவான்: "தண்ணி கம்மிதான்க்கா. நிம்மதியா இரு." அவளும் நிம்மதியாக இருந்தாள்.

அடுத்த பாதை மரங்கொத்தி கொண்டையப்பருடையது. காட்டிலேயே பெரிய ஹாம் அவர்தான். கடல் தாண்டிய காடுகளோடெல்லாம் பேசுவார். என்ன பேசுவார் என்று கேட்காதீர்கள். "உங்கள் ஓசை ஐந்து ஒன்பது ஒன்பது" என்பார். 'கணீரென்று கேட்கிறது' என்று அதற்கு அர்த்தம். உண்மையில் கேட்டதா இல்லையா என்பது வேறு விஷயம், அப்படிச் சொல்வதுதான் ஹாம்களின் மரியாதை. பிறகு "எழுபத்து மூன்று" என்பார், அதாவது வாழ்த்துகள். உடனே அடுத்த காடு. உலகத்தின் பாதிக் காடுகளோடு பேசி முடித்திருந்தார். அவற்றில் ஒன்றைப் பற்றியும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன உறுப்பு வைத்திருந்தார்கள். கட்டையை அழுத்தும்போது ஓசையை மெல்ல ஏற்றி, விடும்போது மெல்ல இறக்குவது அதன் வேலை. கொண்டையப்பருக்கு அது பிடிக்கவில்லை. "வெண்ணெய்ல தட்டுற மாதிரி இருக்கு. தட்டினா பட்டுனு வெட்டணும்" என்று சொல்லி, அந்த உறுப்பை அலகாலேயே கொத்தி எடுத்து வெளியே துப்பிவிட்டார். ஓசை பட்டென்றுதான் வெட்டியது. ஆனால் விறகைக் கோடரியால் பிளந்தால் சிராய் நாலாபக்கமும் தெறிக்குமே, அப்படி அவருடைய ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கோடும் அக்கம்பக்கத்துப் பாதைகளிலெல்லாம் போய்த் தெறித்தது. அன்றிலிருந்து ஓடம்மாளின் காதில் கட், கட், கடகட, கட். நடுவே எங்கேயோ சுழியனின் தட்டல்.

ஓடம்மாள் மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, நீங்க தட்டுறது எங்க பாதையில வந்து விழுது. ஆத்துச் சேதி காதுல விழ மாட்டேங்குது."

கொண்டையப்பர் கொண்டையைச் சிலுப்பினார். "ஏம்மா, என் ஓசை ஒரே சுருதி. ஒரே சுருதிக்கு ஏதும்மா அகலம்? உன் பெட்டியிலதான் கோளாறு. ஓட்டுக்குள்ள வெச்சிருக்கியே, ஈரம் பட்டிருக்கும்."

தன் பெட்டியில் கோளாறு இருக்கலாம் என்று ஒத்துக்கொண்ட ஹாம் எந்தக் காட்டிலும் பிறக்கவில்லை. ஓடம்மாள் வேறு வழியில்லாமல் அலை அளவை அதிகாரி கரடியாரிடம் முறையிட்டாள்.

கரடியார் அளக்கும் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அந்தப் பெட்டியில் ஒரு திரை உண்டு. ஓசை ஒல்லியாக இருந்தால் அதில் மெல்லிய கோடு தெரியும், அகலமாக இருந்தால் புதர் மண்டியது போலத் தெரியும். கொண்டையப்பர் தன் மரத்திலிருந்த தேனடை ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். அது லஞ்சமில்லை. கரடி வந்தால் தேன் கொடுப்பது உபசாரம்.

தேனைத் துடைத்துக்கொண்டு கரடியார் சொன்னார்: "கட்டையை அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடக் கூடாது."

கொண்டையப்பர் அழுத்திப் பிடித்தார். கூவென்று ஒரே ஓசை. வெட்டும் இல்லை, விடுவதும் இல்லை. வெட்டினால்தானே சிராய் தெறிக்கும்? திரையில் மயிரிழை போல ஒரு கோடு நின்றது.

"அடடா! நூல்! இவ்வளவு ஒல்லியான ஓசையை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல!"

"ஐயா," என்றாள் ஓடம்மாள், "அவரு இப்ப ஒண்ணுமே சொல்லலையே. தட்டச் சொல்லிப் பாருங்க."

"தட்டினா படம் ஆடுதும்மா. ஆடுற படத்தை எப்படி அளக்கிறது? அழுத்திப் பிடிச்சுத்தான் அளக்கணும், அதுதான் முறை."

"அவரு அழுத்திப் பிடிக்கிறப்போ எனக்கும் தொல்லை இல்லைங்க ஐயா. தட்டுறப்போதான்..."

"சரி, உன்னுதையும் பார்த்துருவோம். அழுத்து."

ஓடம்மாளுக்கு அன்றைய ஆற்று நிலவரம் இன்னும் தெரியாது. அந்தக் கவலையில், சொன்னதை மறந்து, பழக்கதோஷத்தில் தட்டிவிட்டாள்: "தம்பி, தண்ணி எப்படி?" அவள் பெட்டியில் உறுப்பு சரியாக இருந்தது. அவளும் நிதானமாகத்தான் தட்டினாள். ஆனாலும் சேதி என்று ஒன்று போனால் கொஞ்சம் இடம் வேண்டும், எவ்வளவு அடக்கமாகச் சொன்னாலும் வேண்டும். திரையில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னதாகப் புல் முளைத்தது.

கரடியார் உதட்டைப் பிதுக்கினார். "பார்த்தியா? அவரை விட நீதான் அகலம். புகார் கொடுக்க வந்துட்ட."

கொண்டையப்பருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை மரப்பொந்துக்கு மேலே மாட்டிக்கொண்டார். அத்தோடு விட்டிருந்தால் தேவலை. இவ்வளவு ஒல்லியானவர் சும்மா இருக்கலாமா என்று காட்டின் ஒல்லி ஓசைக் குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். அவரும் கரடியாரும் உட்கார்ந்து யோசித்ததில் ஒரு உண்மை புலப்பட்டது. அழுத்திப் பிடித்தால் அகலமில்லை, தட்டினால் அகலம் வருகிறது. ஆகவே அகலத்துக்குக் காரணம் சேதி.

உடனே உத்தரவு வந்தது. இனி யாரும் தட்டக் கூடாது. அழுத்திப் பிடிக்கலாம். ஒவ்வொருவரும் நாள்தோறும் சற்று நேரம் அழுத்திப் பிடித்துத் தன் ஒல்லியை நிரூபிக்க வேண்டும். நடுவில் விட்டால் அது கோடாகிவிடும். கோடு என்றால் சேதி, சேதி என்றால் உரிமம் ரத்து.

சுழியன் ஆற்றிலிருந்து ஓடிவந்து கேட்டான். "ஐயா, வெள்ளம் வந்தா என்ன பண்றது?"

"வெள்ளம் வந்தா தானே தெரியும்ப்பா," என்றார் கரடியார். "அது என்ன ஒளிஞ்சுக்கிட்டா வரும்?"

"அப்ப மரங்கொத்தி ஐயா மட்டும் இன்னமும் தட்டுறாரே?"

"அவர்தான் ஒல்லின்னு நிரூபிச்சுட்டாரே. நிரூபிச்சவரை மறுபடி அளக்க விதி கிடையாது."

அதன்பின் காட்டில் அருமையான அமைதி. நாள்தோறும் எல்லா மிருகங்களும் கூவென்று அழுத்தின. யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி ஒரு ஒழுங்கைக் கண்டதில்லை என்று பக்கத்துக் காட்டு அதிகாரிகள் வந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் சுழியனிடமிருந்து கூ, ஏறினாலும் கூ. ஓடம்மாள் அந்தக் கூவைக் கேட்டுவிட்டு, 'தம்பி நல்லாத்தான் இருக்கான்' என்று நினைத்துக்கொள்வாள். முட்டைகள் நல்லாயிருக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒரு நாள் காலையில் மலை உச்சி கறுத்தது. கொஞ்ச நேரத்தில் ஆறு செம்மண் நிறத்தில் உருண்டு வந்தது. சுழியன் விதிப்படி அழுத்திப் பிடித்தான். கீழே ஓடம்மாள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலே இவன் ஆற்றை எட்டிப் பார்த்தான். தண்ணீர் ஒரு பெரிய மரத்தையே புரட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததும், உரிமமாவது மண்ணாங்கட்டியாவது என்று கட்டையை விட்டுத் தட்ட ஆரம்பித்தான்: "அக்கா, வெள்ளம் வருது. முட்டையைத் தூக்கு."

அதே நேரத்தில் அடுத்த பாதையில் கொண்டையப்பர் ஏதோ ஒரு பனிக்காட்டுக்கு "உங்கள் ஓசை ஐந்து ஒன்பது ஒன்பது" என்று தட்டிக்கொண்டிருந்தார். ஓடம்மாளின் காதில் கட், கட், கடகட, கட். நடுவே சுழியன் தட்டுகிறான் என்பது மட்டும் தெரிந்தது, என்ன தட்டுகிறான் என்று தெரியவில்லை. அவளும் விதியை மீறித் தட்டினாள்: "தம்பி, திரும்பச் சொல்லு." அவன் திரும்பச் சொன்னான். கட், கட், கட். மறுபடி சொன்னான். கடகட, கட். பனிக்காட்டை முடித்துக் கொண்டையப்பர் அடுத்த காட்டைத் தேடிய இடைவெளியில்தான் சேதி முழுசாக வந்து விழுந்தது. அப்போது தண்ணீர் ஓடம்மாளின் காலை நனைத்துவிட்டது.

அவள் ஒரு முட்டையை உருட்டிக் கரையேற்றினாள். ஓடவே தெரியாத ஜீவன் அன்றைக்கு ஓடியது. மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். முட்டைகளும் இல்லை, மணலும் இல்லை. எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது, இருந்தாலும் கதையை முடித்துவிடுகிறேன்.

தண்ணீர் வடிந்ததும் கரடியார் விசாரணைக்கு வந்தார். வெள்ளம் இயற்கை, அதன்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் விதியை மீறி இரண்டு பேர் தட்டியிருக்கிறார்கள், அதை விட முடியாது. சுழியனின் உரிமம் அங்கேயே ரத்தானது. அவன் பெட்டியை ஆற்றில் தள்ளிவிட்டுப் போனான். குழுத்தலைவர் கொண்டையப்பர் ஓடம்மாளுக்கு அனுதாபம் தெரிவித்தார். "ஐந்து ஒன்பது ஒன்பது. எழுபத்து மூன்று" என்று தட்டினார். அவருக்கு வேறு சொல் தெரியாது.

ஓடம்மாள் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதால் கரடியார் மனமிரங்கினார்.

"உனக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு தர்றேன்மா. மறுபடி அளந்துருவோம். இந்தத் தடவையாச்சும் தட்டாம அழுத்திப் பிடி."

ஓடம்மாள் கட்டையை அழுத்தினாள். ஓசை கிளம்பியது. கேட்டவர்களுக்கு அது கட்டையிலிருந்து வந்தது போலவே இல்லை. கரடியார் திரையைப் பார்த்தபடி போதும் என்றார். அவள் விடவில்லை. போதும்மா, போதும் என்றார். விடவில்லை.

திரையில் ஒரு கோடு நின்றது. அசைவில்லை, பக்கத்தில் ஒரு புல் இல்லை.

"பலே! கொண்டையப்பரோட நூலை விட மெல்லிசு!" என்று கரடியார் பூரித்துப்போனார். அவள் முன்னால் சான்றிதழை வைத்தார். பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். வெகுதூரம் போன பிறகும் அந்த ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. யாருடைய பாதையிலும் விழாமல், யாருக்கும் இடைஞ்சல் தராமல், அத்தனை ஒல்லியாக.

நீதி: அழ வேண்டுமென்றால் நடுவில் நிறுத்தாமல் அழுங்கள். நிறுத்தி நிறுத்தி அழுதால் ஏதோ சொல்ல வருகிறீர்கள் என்று சந்தேகப்படுவார்கள்.