அழுங்கு வாங்கிய நம்பகமான பேட்டரி

ஒரு காட்டில், தார் ரோடு முடிந்து மண்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், செங்கோடன் என்று ஓர் அழுங்கு இருந்தது. அழுங்கு தெரியுமல்லவா? உடம்பு முழுக்கச் செதில், கறையானைத் தவிர வேறு எதிலும் ஆசையில்லாத பிராணி, சங்கடம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதனிடம் ஒரு பழைய கார் இருந்தது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டு, முயல் குட்டிகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு.

அந்தக் காரின் பேட்டரி போய்விட்டது. சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. முயல் குட்டிகளே இறங்கித் தள்ளின. குட்டிகளுக்கு அது கொண்டாட்டம். வாசலில் நின்ற தலைமையாசிரியை நாரைக்கு அப்படி இல்லை.

"ஏனுங்க செங்கோடன், பிள்ளைங்களை நீங்க கூட்டிட்டு வர்றீங்களா, உங்களைப் பிள்ளைங்க கூட்டிட்டு வருதுங்களா?" என்றது நாரை. "இன்னொருக்கா இப்படி வந்தீங்கன்னா டிரிப்பை நரிக்கு மாத்திருவேன். அவரும் கேட்டுட்டேதான் இருக்காரு."

நரி என்றால் மாசிலாமணி. அழுங்கின் பொந்துக்குப் பக்கத்துப் புதர். அதனிடமும் ஒரு கார் உண்டு. அதன் பேட்டரியும் போயிருந்தது. இரண்டும் சேர்ந்தே கரடியின் பேட்டரிக் கடைக்குப் போயின.

அழுங்கு நின்று நிதானமாக வாங்குகிற ரகம். மழைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த கறையான் ஒரு பானை, அவ்வளவுதான் கைவசம். கரடிக்கும் கறையான் என்றால் உயிர், அதனால் பேச்சுவார்த்தைக்கு இடமிருந்தது.

"இதுல சிங்கம் படம் போட்டிருக்குதே, நம்ம ராஜாங்களா?"

"அவரோட சித்தப்பாருங்க," என்றது கரடி. "பாதி வெலை அந்தப் படத்துக்குத்தான்."

"அப்ப படமில்லாதது காட்டுங்க. எப்பச் செஞ்சது இது? கடையிலயே தூங்கிட்டிருந்தா பேட்டரிக்கு வயசாயிரும்ங்கறாங்களே. முனை ரெண்டும் எந்தப் பக்கம் வருது? மாறியிருந்தா என் கார் வயர் எட்டாதுங்க. அப்புறம் இந்த உத்தரவாதம், கடைசி வரைக்கும் சும்மா மாத்திக் குடுப்பீங்களா, பாதிக் காலம் போனப்புறம் காசு கேப்பீங்களா?"

கரடி நெற்றியைத் துடைத்துக்கொண்டது. "இத்தனை கேள்வி கேட்டவங்க யாரும் வாங்கினதில்லீங்க."

அழுங்கு வாங்கியது. பழைய பேட்டரியைக் கொடுத்துத் தள்ளுபடி பேசி, படமில்லாத, புதிதாக வந்திறங்கிய, கச்சிதமான ஒன்றை வாங்கியது. பானை காலி.

நரி எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்ததைக் காட்டியது. யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன பேட்டரிக்குக் கரடி பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தது.

"பெயிண்ட் இன்னும் காயலீங்களே," என்றது கரடி, கொஞ்சம் கூச்சத்தோடு.

"போற வழியில காஞ்சுக்குமுங்க. அந்த ஸ்டார்ட் வயர் ஒண்ணு எடுங்க. நீளமா."

ஸ்டார்ட் வயர் என்பது ஒரு காரின் பேட்டரியிலிருந்து இன்னொரு காருக்குக் கரண்ட் இழுக்கிற வயர், இரண்டு முனையிலும் கவ்வி வைத்தது. அழுங்கு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டது. நாமும் அப்படித்தான். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள், நரி நடுக்காட்டில் நின்று திண்டாடப் போகிறது என்று இந்நேரம் முடிவு கட்டியிருப்போம். நரி நடுக்காட்டில் நிற்கவில்லை. தன் வாசலிலேயே நின்றது. அடுத்த வாசல் அழுங்கினுடையது.

"செங்கோடண்ணா, ஒரே ஒரு ஸ்டார்ட்," என்றது, வயரை நீட்டி. கார் கிளம்பியது. "பேட்டரின்னா இதுங்ணா. வாங்கினா உங்களை மாதிரி வாங்கோணும்."

சேதி பரவியது. உடும்பு வந்தது, கீரி வந்தது, காட்டெருமை கன்றுக்குட்டியோடு வந்தது. காலையானால் பொந்துக்கு முன்னால் கார் வரிசை. 'எதுக்குங்க புதுசு வாங்கிட்டு, செங்கோடண்ணன் இருக்காரே' என்று காடே பேசிக்கொண்டது. பிறந்ததிலிருந்து தன்னைத் தேடி யாரும் வந்து பார்த்திராத அழுங்குக்கு, செதிலெல்லாம் சிலிர்த்தது. வருகிறவர்களை ஒருநாளும் இல்லையென்று அனுப்பவில்லை.

வயரிங் வேலை பார்க்கிற மரங்கொத்தி ஒரு முறை சொல்லிப் பார்த்தது. "ஊருக்கு ஸ்டார்ட் குடுக்கறப்ப உங்க இஞ்சினை ஓட விட்டுக் குடுங்க. இல்லீன்னா உங்க பேட்டரி இறங்கிரும்."

"ஓட விட்டா பெட்ரோல் யாரு போடறது?" என்றது அழுங்கு.

மரங்கொத்தி மரத்தைக் கொத்தப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்கு யானை அதிகாரி பார்வையிட வருகிற நாள் வந்தது. முயல் குட்டிகள் காதைச் சீவிக்கொண்டு வந்து பலகையில் உட்கார்ந்துவிட்டன. வரிசையில் கடைசியாக நின்ற நரிக்கு ஸ்டார்ட் கொடுத்துவிட்டு, அழுங்கு தன் சாவியைத் திருகியது.

'டிக்.'

"மாசிலாமணி, போயிராதே," என்றது அழுங்கு. "உன்ற வண்டிதான் ஓடிட்டிருக்குதே. அந்த வயரை இப்படிக் குடு."

நரி முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டது. "என்ற பேட்டரி என்ன கருமமோ, உங்களுக்கே தெரியும். அதை உங்க பேட்டரியோட சேர்த்தா நல்லது கெட்டுப்போயிருமுங்ணா. எனக்கு மனசு வரலை. பிள்ளைங்களை வேணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்."

நரியின் காரில் முயல் குட்டிகளா என்று கேட்கக் கூடாது. நேரமாகிவிட்டால் யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை. டிரிப் கைக்கு வரும் வரை நரியும் சைவம்தான். குட்டிகள் முழுசாகப் போய்ச் சேர்ந்தன. ஓடுகிற காரைப் பார்த்த நாரை, அன்றே டிரிப்பை மாற்றிவிட்டது.

அழுங்கு சாயங்காலம் வரை சுருண்டு கிடந்தது. பிறகு பேட்டரியைச் சுமந்துகொண்டு கரடியிடம் போனது. கரடி சோதித்துப் பார்த்தது.

"சார்ஜ் இறங்கியிருக்கு, அவ்வளவுதானுங்க. பேட்டரி தங்கம். உத்தரவாதம் உங்க வண்டியைக் கிளப்பறதுக்கு. ஊர் வண்டியைக் கிளப்பறதுக்கு இல்லீங்க."

சார்ஜ் ஏறும்வரை அழுங்கு யோசித்தது. இது இல்லாவிட்டால் நாளைக் காலையில் நரிக்கு யார் ஸ்டார்ட் கொடுப்பார்கள்? யாருமில்லை. அப்புறம் தனக்கு யார் கொடுப்பார்கள்? அங்கேதான் யோசனை இடித்தது.

கடையில் ஒரு முள்ளம்பன்றி நின்றிருந்தது. ஒவ்வொரு பேட்டரியாகத் தூக்கி, செய்த தேதியைத் தேடிக்கொண்டிருந்தது.

"சார், இதை எடுத்துக்கோங்க," என்றது அழுங்கு, சார்ஜ் ஏறிய தன் பேட்டரியைக் காட்டி. "நானே வெச்சிருந்தது. காடே சாட்சி. வெலையும் கம்மியாப் போட்டுத் தர்றேன். வீடு எங்கீங்க?"

"இந்தப் பக்கத்துக்குப் புதுசுங்க. ரோடு முடியற இடத்துல, ஒரு அழுங்கு இருக்குதாம், அதுக்கு அடுத்த வளை."

அழுங்கு கரடியின் பக்கம் திரும்பியது. "எனக்கு அந்தப் பச்சைப் பெயிண்ட் அடிச்சது ஒண்ணு குடுங்க. கூட ஒரு ஸ்டார்ட் வயர்."

"நீளமாங்க?"

"சின்னதே போதுமுங்க."

காலையில் ஸ்டார்ட் கொடுக்க ஆளில்லாமல் நரியின் கார் வாசலிலேயே நின்றுபோனது; அந்த வாரமே முயல் குட்டிகள் அழுங்கின் காருக்குத் திரும்பிவிட்டன.

நீதி: நல்ல பேட்டரியைத் தேடி அலையாதே, அப்படி அலைகிறவனைத் தேடிப் பிடித்துப் பக்கத்து வீட்டில் குடிவை.