ஆலியாவுக்கு நான் எடுத்த டியூஷன்

பரீட்சை என்று யாராவது சொன்னால் போதும், எனக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர் புத்தி அது. பந்தலூரில் என்னிடம் படித்து ஃபெயிலானவர்கள் குறைவு. (ஆனவர்கள் இன்றும் பஜாரில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.) இந்தப் பெருமைதான் ஒருநாள் என் மானத்தை ஊட்டி வரை கொண்டுபோய் வாங்கியது.

என் மகள் ஆலியாவுக்கு அப்போது நாலு வயது ஆகப்போகிறது. நாம் பேசுவதை அதே ராகத்தில் திருப்பிச் சொல்வாள். ஆனால் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரியாது. பசித்தாலும் அழுகை, காது வலித்தாலும் அழுகை. எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வாள். என்னை ஒரு முறைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை.

கூடலூர் டாக்டர், ஆட்டிசமாக இருக்கலாம், தெரபியைச் சீக்கிரம் ஆரம்பியுங்கள் என்றார். தெரபி மையம் இருந்தது ஊட்டியில். அவர்கள் குழந்தையைப் பார்த்துவிட்டு, தேவை என்றால்தான் வாராவாரம் வர இடம் தருவார்கள். இடமோ குறைவு, காத்திருப்பவர்களோ நிறைய. நான் விடவில்லை, போன் மேல் போன் போட்டேன். நான் “ஹலோ” என்றதுமே அந்தப் பக்கத்துப் பெண் “பந்தலூர் டீச்சருங்களா?” என்று பெருமூச்சு விடும் நிலை வந்த பிறகு ஒரு தேதி கிடைத்தது.

தேதி கிடைத்ததும் நான் சும்மா இருந்திருக்கலாம். ஏற்கெனவே அங்கே போய்வந்த ஒரு அம்மாவைப் பிடித்து, என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன்.

“படத்தக் காட்டி என்னன்னு கேப்பாங்க. மூக்கு எங்க, காது எங்கன்னு கேப்பாங்க. பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொல்லுவாங்க, அவ்ளோதானுங்க.”

சிலபஸ் கைக்கு வந்துவிட்டது! மறுநாளே பட அட்டைகள் வாங்கி டியூஷன் ஆரம்பித்துவிட்டேன். சரியாகச் சொன்னால் முறுக்கு. என் பள்ளிப் பிள்ளைகளைவிட ஆலியா வேகமாக உருப்போட்டாள்.

என் கணவர் ஜாஃபருக்குப் பஜாரில் பெயிண்ட் கடை. அவர்தான் கேட்டார்: “டீச்சரம்மா, பிள்ளைக்கு ஒதவி கேக்கத்தான போறோம்? எல்லாத்தையும் நீயே சொல்லிக் குடுத்துட்டா அவங்க என்னத்தப் பாப்பாங்க?”

“நீங்க சும்மா இருங்க. பெயிண்ட் கடைக்காரருக்குப் பரீட்சையப் பத்தி என்ன தெரியும்?” என்று அவர் வாயை அடைத்தேன்.

அந்த நாளும் வந்தது. தெரபிஸ்ட் நிர்மலா கோயம்புத்தூர்ப் பெண். எங்களுக்கு நாற்காலி கொடுத்துவிட்டு, ஆலியாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பட அட்டையை எடுத்தார். “ஆப்பிள்” என்றாள் ஆலியா. மூக்கு? தொட்டாள். காது? தொட்டாள். பொம்மைக்குச் சோறும் ஊட்டினாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

நிர்மலா சிரித்தபடி சொன்னார்: “பாப்பா நல்லாப் பண்றாங்க. இதைவிடக் கஷ்டப்படற குழந்தைங்க நிறையப் பேரு காத்திட்டிருக்காங்க. இப்போதைக்கு வாராவாரம் வர வேண்டியதில்லீங்க. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்.”

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மண் சரிவது புதிதல்ல. அன்று என் காலுக்குக் கீழேயே சரிந்தது. இன்னும் ஆறு மாதம் இவள் சுவரில் முட்டிக்கொள்வாள், நான் எங்கே வலிக்கிறது என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுவேன். இதை நானே வருந்தி உழைத்துச் சம்பாதித்திருக்கிறேன்.

“இல்லீங்க மேடம், அவளுக்கு ஒண்ணுமே வராதுங்க!” என்று கத்தினேன்.

“இப்பத்தான எல்லாம் சொன்னாங்க?”

“அது... தெரியாம சொல்லிட்டாளுங்க.”

(சொந்தப் பிள்ளையின் மார்க்கைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்ட டீச்சர் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

நிர்மலா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அப்போது அறைக்குள் என் குரல் கேட்டது. நான் வாயைத் திறக்கவே இல்லை. ஆலியா பொம்மையின் தலையைத் தடவிக்கொண்டே, என் ராகத்தில், என் அதட்டலோடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க பாரு. இது என்ன? ஆப்பிள். வெரி குட். டக்குனு சொல்லணும், யோசிக்கக் கூடாது. அந்த மேடம் முன்னாடி அம்மா மானத்த வாங்கிராத. முறுக்கு வேணுமா, வேண்டாமா? நீங்க சும்மா இருங்க. பெயிண்ட் கடைக்காரருக்குப் பரீட்சையப் பத்தி என்ன தெரியும்?”

ஜாஃபர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி மூடுபனியைப் பார்த்தார். தோள் மட்டும் குலுங்கியது.

“எத்தன நாளா டியூஷன் நடக்குதுங்க, டீச்சர்?” என்றார் நிர்மலா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவர், காது வலி, அம்மா என்று கூப்பிடாதது எல்லாவற்றையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“இதத்தானுங்க மொதல்லயே சொல்லியிருக்கணும். நாங்க மார்க் போட உக்காரல. எங்க கஷ்டப்படறாங்கன்னு தெரிஞ்சாத்தான சொல்லிக் குடுக்க முடியும்? நான் மறுபடி பாக்கறேன். பாப்பாவோட அத்தா உள்ள இருக்கட்டும். அம்மா, நீங்க வெளிய உக்காருங்க.”

பிட் அடித்த எத்தனையோ பிள்ளைகளை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தபோது தெரிந்தது.

இடம் கிடைத்தது. வாராவாரம் பஸ் ஏறினோம். வாராவாரம் நான் நடுவில் மூக்கை நுழைக்க, நிர்மலா என்னை வெளியே அனுப்பினார். அப்புறம் பந்தலூர், ஓவேலி பக்கத்துப் பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கூடலூருக்கே வாரம் ஒருநாள் தெரபிஸ்ட் வரும்படி செய்தோம். (அங்கேயும் எனக்கு வெளியேதான் இடம்.)

போன வருஷம் ஒருநாள். ஆலியா வீட்டில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நம் கை சும்மா இருக்குமா? “பெருசக் கீழ வையி கண்ணு” என்று கையை நீட்டினேன். ஆலியா எழுந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து வாசல் வரை இழுத்துப் போனாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அம்மா, வெளிய உக்காருங்க.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தூறலில் வாசற்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஜாஃபர் இதைச் சொல்லாமல் டீ கொடுப்பதில்லை. “எம்பொண்ணு அம்மான்னு மொத மொதல்ல கூப்பிட்டதே, அம்மாவ வெளிய தொரத்தறதுக்குத்தானுங்க!”

எல்லாரும் சிரிப்பார்கள். நான் சமையலறையிலிருந்து ஒவ்வொரு முறையும் திருத்துவேன்: “தொரத்தலீங்க. உக்காருங்கன்னு மரியாதையாத்தான் சொன்னா.”