திரையிலிருந்து இறங்காத மகன்

படத்தைப் பார்த்து மகனை வளர்க்கும் அப்பா என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்க்காமல் தப்பிக்க முடியாது. படம் முடிந்ததும் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் மட்டும் கதாநாயகனையும் கையோடு கூட்டிக்கொண்டு போவார். மறுநாள் காலையிலிருந்து வீட்டில் ஓர் ஆள் கூடுதல். அந்த ஆள் சோறு கேட்க மாட்டான், போர்வை கேட்க மாட்டான். ஆனால் பெற்ற மகனை ஒரு நாளும் மனுஷனாக இருக்கவிட மாட்டான்.

கம்போங் ராஜா என்ற மலையூருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எழுபதுகளின் கடைசியில், இந்த இனத்துக்கே இலக்கணமாக வாழ்ந்தவர் சின்னையா. தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் இயந்திரத்தில் வேலை. மாதம் ஒருமுறை தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். கம்பளித் தொப்பியும் காலுக்குக் கோணிச் சாக்குமாக முதல் வரிசையில் சின்னையா ஆஜர். மலையிலிருந்து பனி இறங்கி, படம் காட்டும் வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்து, கதாநாயகன் முகத்தைப் பாதி அழித்துவிடும். மற்றவர்கள் சீட்டி அடிப்பார்கள். சின்னையாவுக்குக் கவலையே இல்லை. அழிந்த பாதியில் தன் மகன் விஜயனின் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொள்வார். அளவு சரியாக இருக்கும்.

படம் இல்லாத வாரங்களுக்குப் பத்திரிகைத் தொடர்கதை. மகள் பாஞ்சாலை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கதையில் மகன் தியாகம் செய்தால் சின்னையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சமைத்து, துவைத்து, விறகு பிளந்துவிட்டு வந்து படிக்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்து அந்தக் கண் ஒரு நாளும் கலங்கியதில்லை. கலங்குவானேன்? கதையில் மகளுக்கு என்ன வேலை? முதல் அத்தியாயத்தில் பூப்பறிப்பாள், கடைசி அத்தியாயத்தில் தாலி கட்டிக்கொள்வாள், நடுவில் அண்ணனை நினைத்து அழுவாள். விறகு பிளக்கும் அத்தியாயத்தை யாரும் எழுதவில்லை.

சரி, விஜயன் எப்படி வளர்ந்தான்? முதல் தோசை அவனுக்கு, மீன் துண்டில் நடுத்துண்டு அவனுக்கு, அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒருத்தி, சட்டையைத் தேய்க்க அதே ஒருத்தி, அவன் தூங்கினால் பக்கத்து லயத்து வீட்டுக் குழந்தைகூட அழக்கூடாது, அவன் கோபப்பட்டால் அது ரோஷம், சும்மா உட்கார்ந்திருந்தால் அது யோசனை, வேலையை விட்டுவிட்டு வந்தால் அது தன்மானம். இருபத்திரண்டு வயதாகியும் நிலையான வேலை இல்லையே என்று யாராவது கேட்டால் சின்னையா சிரிப்பார்.

"கதாநாயகனுக்கு இடைவேளைக்கு அப்புறம்தான்லா எல்லாம் நடக்கும்."

இடைவேளை நீண்டுகொண்டே போயிற்று.

விஜயனைச் சும்மா குறை சொல்லக்கூடாது. பதினாறு வயதில் அவனுக்கும் ஓர் ஆசை இருந்தது. திரிங்காப்பில் மாமாவோடு சேர்ந்து பூச்செடி போட வேண்டும் என்றான். சின்னையா பதறிப்போனார். எந்தப் படத்தில் கதாநாயகன் செவ்வந்திக்கு உரம் போட்டான்? அத்தோடு அந்த ஆசை கிள்ளி எறியப்பட்டது. அதன் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை சீவக் கற்றுக்கொண்டான்.

ஒரு படத்தில் அண்ணன்காரன், தங்கைக்குக் கல்யாணம் முடிக்காமல் தான் கட்டிக்கொள்வதில்லை என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தான். மறுநாள் சின்னையா வீட்டிலும் சத்தியம். கற்பூரம் தீர்ந்துபோயிருந்ததால் விஜயன் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியில் கை வைத்தான். சுட்டுவிட்டது. பாஞ்சாலைதான் எண்ணெய் தடவினாள். சின்னையா ஆனந்தக் கண்ணீர் விட்டார். உனக்குக் கல்யாணம் வேண்டுமா என்று பாஞ்சாலையை யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வேண்டியது வேறு. ஈப்போவில் மருத்துவமனைத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்; தவறினால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

"நீ போயிட்டா அண்ணனுக்கு யாரு சோறாக்குறது?" என்றார் சின்னையா.

"அம்மா இருக்காங்கப்பா."

"அம்மா கொழுந்து எடுக்கப் போயிடுறா. அதெல்லாம் சரிப்படாது புள்ள. உன்னக் கரையேத்துறது அண்ணன் பொறுப்பு. சத்தியம் பண்ணியிருக்கான்ல?"

அம்மா வேலம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். 

அந்தச் சனிக்கிழமை திடலில் படம். பனி வழக்கத்தைவிட மோசம். பாதிப் படத்தில் சின்னையாவுக்கு மூச்சு இழுத்தது. முதலில் கதையின் உருக்கம் என்றே நினைத்தார். பிறகு நெஞ்சுக்குள் காற்று போகவே மறுத்தது. உதடு நீலம் பாரித்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார்.

விஜயன் இதற்காகவே பிறந்தவன். மண்டியிட்டான். தலையை வானத்துக்குத் தூக்கினான்.

"அப்பா! என்ன விட்டுட்டுப் போயிடாதீங்கப்பா! உங்க மகன் கூப்பிடுறேம்பா!"

திடலே கலங்கிவிட்டது. பெண்கள் படத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி அழுதார்கள். பாஞ்சாலைக்கு அழ நேரம் இல்லை. அப்பாவின் மேல் விழுந்து கிடந்த அண்ணனை நகர்த்தினாள், கழுத்துத் துண்டை அவிழ்த்தாள், சின்னையாவை நிமிர்த்தி உட்கார வைத்துத் தன் தோளால் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"வீரப்பண்ணே, லோரிய எடுங்க! சுத்தி நிக்காதீங்க, காத்து வரட்டும்!"

முட்டைக்கோஸ் ஏற்றும் வீரப்பனின் லோரியில்தான் அவரைத் தோட்டத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழிநெடுக அவரைப் படுக்கவிடாமல் பிடித்துக்கொண்டவள் பாஞ்சாலை. விஜயன் லோரியின் பின்பலகையில் நின்று, காற்றில் முடி பறக்க, தூரத்தை வெறித்துக்கொண்டு வந்தான்.

ஊசி போட்டு மூச்சு சீரானதும் மருந்துக்காரர் சிவசாமி சொன்னார்: "படுக்க வச்சுக் கொண்டாந்திருந்தா கத முடிஞ்சிருக்கும். மக பொழைக்க வச்சிருக்கு."

சின்னையா தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பியதும் பார்க்க வந்த அத்தனை பேரிடமும் இப்படிச் சொன்னார்: "எம் மகன் ஒரு கத்து கத்துனான் பாருங்க, அந்தச் சத்தத்துலதான் போன உசுரு திரும்பிச்சு. பாசம்னா அதாம்பா!"

தோளில் சாய்த்துப் பிடித்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்தக் கையின் சூட்டை இன்னும் முதுகில் உணர்ந்துகொண்டுதான் இருந்தார். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு வசனம் இல்லை. எந்தப் படத்திலும் கேட்டதில்லை. ஆகவே சாயங்காலம் மகளைக் கூப்பிட்டுத் தன்னால் முடிந்ததைச் சொன்னார்.

"உன்னாட்டம் யாராலயும் பாத்துக்க முடியாது புள்ள. இவ்ளோ நல்லா பாத்துக்கிற பொண்ண எந்த அப்பனாச்சும் வெளியூருக்கு அனுப்புவானா?"

பார்த்தீர்களா? உதவாதவளாக இருந்திருந்தால் உதவாது என்று தடுத்திருப்பார். உயிரைக் காப்பாற்றினாள், அதனாலேயே தடுத்தார். பாஞ்சாலை அவருக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிகாலை. பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, ஆள் கூடும் நேரம். வேலம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தாள். பின்னால் பாஞ்சாலை. லயத்துக்கு முன்னால் வீரப்பனின் லோரி உறுமிக்கொண்டு நின்றது.

"எங்க போறா இவ?" என்றார் சின்னையா.

"ஈப்போவுக்கு," என்றாள் வேலம்மா. "சோத்துக்கு அரிசி ஊற வச்சிருக்கேன். ஆக்கிக்குங்க."

"ஏய்! நான் வேணாம்னு சொன்னேன்ல?"

"காதுல விழுந்துச்சி."

வேலம்மா பையை லோரியில் வைத்துவிட்டுப் பிரட்டுக்கு நடந்தாள். பாஞ்சாலை அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "மருந்து மாடத்துல இருக்குப்பா. குளிர்ல வெளிய உக்காராதீங்க," என்றாள். ஏறிக்கொண்டாள். மகள் குதித்து இறங்கி, ஓடி வந்து, அப்பாவின் மார்பில் விழப்போகிறாள் என்று சின்னையா காத்திருந்தார். லோரி வளைவில் திரும்பி மறைந்தது.

குளிர் காற்று நெஞ்சில் இறங்க, அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். விட்டபாடில்லை. உள்ளே விஜயன் போர்வையை விலக்கி, அக்கறையோடு தலையைத் தூக்கினான். வளர்த்த பாசம் போகுமா?

"பாஞ்சாலை! அப்பா இருமுறாரு பாரு! சுடுதண்ணி கொண்டாந்து குடு!" என்று கத்தினான். கத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டான்.

சின்னையா வாசலிலேயே நின்றார். தான் வளர்த்த மகனை, பனி மறைக்காமல், அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார்.

பாவம் சின்னையா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. படித்தவர், நியாயம் தெரிந்தவர். ஒன்றே ஒன்று: இதைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீர் இருக்கிறதா? கொண்டுவந்து வைத்தது உங்கள் வீட்டில் யார்? மகனா?