பழுது எதுவும் காணப்படவில்லை

அன்பான அக்காவுக்கு, தங்கை வணங்கி எழுதுவது. ஆண்டவன் கருணையில் இங்கே எல்லோரும் திடமாக இருக்கிறோம். அங்கே உன் மூட்டுவலியும் அத்தானின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியை மூடவில்லை. உன் மகளின் வேலை போகவில்லை. மூச்சை நன்றாக இழுத்து விட்டுவிட்டு மீதியைப் படி.

நிரந்தர வேலையில் நர்ஸாக இருந்த உன் பெண்ணை, "நம்ம ஆஸ்பத்திரி இருக்கும்போது அவ எதுக்கு இன்னொருத்தர்கிட்ட கைகட்டி நிக்கணும்" என்று பேசிப் பேசியே இங்கே இழுத்து வந்தவள் நான். அதனால் இந்த ஒரு வருடமாக, அவள் வேலை நிலைக்க வேண்டும் என்பதைத் தவிரக் கடவுளிடம் வேறு எதையும் கேட்கவில்லை, என் முதுகுவலியைக்கூடச் சொல்லவில்லை. அழகு அறுவை சிகிச்சை ஆஸ்பத்திரி தொடங்கிய அந்த மூன்று பேரையும் நீயே நினைத்துப் பார். என் கொழுந்தன் இருபது வருடம் அரசு ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் கத்தி பிடித்தவர். வெந்த முகங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, மூக்கு கொஞ்சம் தடிப்பு என்று வருகிறவர்களிடம் ஒரு குறையும் தென்படுவதில்லை. "மூச்சு போகுதுல்ல? அப்புறம் என்ன, வீட்டுக்குப் போம்மா" என்பார். என் வீட்டுக்காரரோ வண்டிகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கிற அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்தவர், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'இடம் வலம் சமமாக உள்ளதா', 'கடைசியாகப் பழுது பார்த்த தேதி' என்றெல்லாம் கேட்டு மூன்று பிரதி எடுத்து வைத்தார். மூன்றாமவர் கட்டில் கடைக்காரர், இவருடைய சிநேகிதர், வாய்ச் சாமர்த்தியம் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர் ஒரு அம்மாளின் தாடைக்கு ஐந்து வருட உத்தரவாதம் கொடுத்துவிட்டார், கொழுந்தன் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை.

நான்தான் எதையும் எழுதி வைப்பேனே. எட்டு மாதத்தில் வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்று எண்பத்தொன்பது. எதிர்ப்புறம் விளம்பரப் படம் எடுக்கிற ஒருவர் நாங்கள் தொடங்கிய அதே மாதத்தில் திறந்த அழகு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவு, உள்ளே செயற்கை நீர்வீழ்ச்சி, வாசலில் நிற்க இடமில்லாத கூட்டம். உன் மகள் ஜன்னலோரம் நின்று அதையே பார்ப்பாள். ஒன்பதாம் மாதம் மூவரும் உட்கார்ந்து, வருட முடிவில் மூடிவிடுவது என்று பேசி முடித்தார்கள். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம்.

சொல்ல வாய் வரவில்லை அக்கா, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் நடந்ததைக் கேள். திருப்பி அனுப்பப்படுகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப என் வீட்டுக்காரருக்கு மனம் வராது, பழைய வழக்கம். ஆளுக்கொரு தாள், 'பரிசோதிக்கப்பட்டது. பழுது எதுவும் காணப்படவில்லை' என்று எழுதி, முத்திரை குத்தி, டாக்டர் கையெழுத்தோடு. ஊரே சிரித்தது. ஒரு நாள் காலை, நிச்சயமான பெண் ஒருத்தி வந்தாள். வருங்கால மாமியார் தாடை கோணல் என்று சொன்னதால் முன்பு இங்கே வந்து, அந்தத் தாளோடு திரும்பிப் போனவள். தாளை நீட்டியதும் அந்த அம்மாள் முத்திரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாடைப் பேச்சையே விட்டுவிட்டாராம். இப்போது அவரையும் கூட்டி வந்திருந்தாள். அந்த மாமியார் என் வீட்டுக்காரரின் மேசைமேல் சாய்ந்து, "எனக்கும் ஒன்னு போட்டுக் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காட்டணும்" என்றார்.

அன்றிலிருந்து வரிசை. அதைவிடப் பெரிது, வேண்டாததை வேண்டாம் என்று சொல்கிற டாக்டர் 'செய்யலாம்' என்றால் ஜனங்கள் நம்புகிறார்கள், கொதிநீர் பட்டவர்களையும் தழும்பு உள்ளவர்களையும் அவர்களே அனுப்புகிறார்கள். எதிர்ப்புறத்தார் பத்தாம் மாதமே கதவைச் சாத்திவிட்டார்கள். கூலிக்கு வந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக நழுவ, தையல் போட்ட பிறகும் புண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே அந்த முதலாளிக்குத் தெரியவில்லை. அங்கே கெட்டுப்போன முகங்களைச் சரிசெய்யும்போது கொழுந்தன் உன் மகளிடம், "தீ தெரியாம சுட்டுடுது. இவங்க தெரிஞ்சே பண்ணியிருக்காங்க" என்றாராம். கடைசி மூன்று மாதத்தில் அறுபத்தொரு அறுவை சிகிச்சை. கட்டில் கடைக்காரர்கூட உருப்படியாக இருக்கிறார், பயந்து வருகிறவர்களைப் பேசியே தூங்கவைத்துவிடுகிறார். மூவரும் பழைய வேலையிலிருந்து கொண்டுவந்த பிடிவாதம்தான் கவிழ்க்கும் என்று நான் அழுதேன், அதுவே தாங்கிப் பிடித்திருக்கிறது. உன் மகளை நேற்று தலைமை நர்ஸ் ஆக்கிவிட்டார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று எனக்கு, நேற்றுச் சாப்பிட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. கடவுள் உங்கள் எல்லோரையும் கண்போலக் காக்கட்டும்.

இப்படிக்கு, பாரம் இறங்கிய உன் தங்கை.

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது மூவரும் வந்து நின்றார்கள். ஆஸ்பத்திரி நிலைத்துவிட்டதால் இனி எல்லோரும் எல்லா வேலையும் பழக வேண்டுமாம். வருகிற மாதம் முதல் சான்றிதழைக் கட்டில் கடைக்காரர் எழுதுவாராம், பயந்தவர்களுக்கு இவர் ஆறுதல் சொல்வாராம், விளம்பரம் கொழுந்தன் பொறுப்பாம். முதல் விளம்பரத்தை எழுதியே காட்டினார்: 'நன்றாகத்தான் இருக்கிறீர்கள். வராதீர்கள்.' உன் மகளின் பழைய வேலைக்கு ஆள் போட்டுவிட்டார்களா என்று அத்தானை மெதுவாக விசாரிக்கச் சொல்.